காவிரி டெல்டா நெல் வயலில் நுண்ணுயிர்களைப் பேணுவது எப்படி? புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நகரத்து வேலையை விட்டுவிட்டோ, வேலையோடு சேர்த்தோ, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் நெல் சாகுபடியில் புதிதாக இறங்குபவர்களிடம் ஊரார் முதலில் கேட்பது, "இயற்கை விவசாயமா, உரம் போடப் போகிறீர்களா?" என்பதுதான். பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். அதற்கு முன், உங்கள் வயலில் வருடத்துக்கு எத்தனை மாதம் தண்ணீர் நிற்கிறது, எத்தனை வாரம் மண் காய்ந்து கிடக்கிறது என்று விசாரித்து வையுங்கள். டெல்டா மண்ணில் எந்த நுண்ணுயிர் பெருகும், எது முடங்கும் என்பதைத் தண்ணீர்தான் முதலில் தீர்மானிக்கிறது. தொழு உரமும் யூரியாவும் அதற்கு அடுத்த வரிசையில்தான் வருகின்றன.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இயற்கை முறையையும் ரசாயன முறையையும் ஒப்பிட்டு நாம் படிக்கும் தகவல்களில் பெரும்பகுதி கோதுமை விளையும் குளிர்நாடுகளிலிருந்து வந்தவை. அவற்றில் புகழ்பெற்றது சுவிட்சர்லாந்தின் தெர்வில் என்ற ஊரில் 1978இல் தொடங்கிய நீண்டகாலச் சோதனை. 21 ஆண்டு முடிவுகள் 2002இல் வெளியாயின. கோதுமை இடம்பெற்ற பயிர்ச் சுழற்சியில் இயற்கை முறை வயல்களின் விளைச்சல் சராசரியாக 20 விழுக்காடு குறைவு. ஆனால் போட்ட உரச்சத்து 34 முதல் 53 விழுக்காடு வரை குறைவு. மண்ணில் நுண்ணுயிர்களின் மொத்த எடையும் வகையும் கூடுதலாக இருந்தன. வேரோடு கூட்டுவாழ்க்கை நடத்தும் பூசணமும் அங்கே அதிகம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வயலில் ஆறு மாதம் தண்ணீர் கட்டி வைப்பதில்லை. அந்த வேர்ப்பூசணத்துக்குக் காற்று வேண்டும். சேறடித்து நீர் நிறுத்திய நெல் வயலில் அது மிகவும் குறைந்துவிடும். நம் வயலில் வேலை செய்யும் கூட்டமே வேறு.

நீர் நின்ற நெல் மண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. காற்று இல்லாததால் கரிமப் பொருள் (செடி, எருவின் மிச்சம்) மெதுவாகத்தான் மட்கும். ஆகவே ரசாயன உரம் மட்டும் போட்டாலும் கரிமச்சத்து அவ்வளவு விரைவில் தீர்ந்துபோவதில்லை. பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1960களிலிருந்து ஒரே வயலில் ஆண்டுக்கு மூன்று போகம் நெல் பயிரிட்டு வருகிறது. அங்கே மண்ணின் கரிமமும் மொத்தத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) குறையவில்லை. ஆனாலும் விளைச்சல் பல ஆண்டுகள் சரிந்தது. மண் எப்போதும் ஈரமாகவே கிடந்ததால், இருக்கும் தழைச்சத்தைப் பயிருக்கு விடுவிக்கும் வேகம் மந்தப்பட்டுவிட்டது. பம்புசெட்டை நம்பி முப்போகம் நெல் போடத் திட்டமிடுபவர்கள் இந்தச் செய்தியை மனத்தில் வைக்க வேண்டும்.

எதற்காக இந்த நுண்ணுயிர்களைப் பற்றி இவ்வளவு கவலை? உரமிட்ட வயலில்கூட, நெல் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தில் பாதிக்கும் மேல் மண்ணிலிருந்துதான் வருகிறது. அதை மட்கவைத்துக் கொடுப்பவை நுண்ணுயிர்கள். நீங்கள் வீசும் யூரியாவிலோ, நீர் நிற்கும் வயலில் பயிருக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் 30 முதல் 40 விழுக்காடுதான். மீதியைக் காற்றில் விடுவதிலும் நுண்ணுயிர்களுக்கே பெரிய பங்கு. எந்த முறையில் விவசாயம் செய்தாலும் இவற்றைத் தவிர்த்துவிட்டுக் கணக்குப் போட முடியாது.

முதல் வேலை: மண்ணைப் பார்ப்பது

டெல்டா முழுவதும் ஒரே மண் என்று நினைக்க வேண்டாம். பழைய டெல்டாவின் பெரும்பகுதி கனத்த களிமண். மண்ணாய்வாளர்கள் களத்தூர் வகை, ஆதனூர் வகை என்றெல்லாம் பிரிப்பார்கள். கோடையில் வெடித்துப் பிளக்கும், மழையில் தண்ணீரை உள்ளே விடாது. மேட்டூர் அணை கட்டிய பிறகு கல்லணைக் கால்வாயால் பாசனம் பெற்ற பட்டுக்கோட்டை, மதுக்கூர்ப் பக்கத்துப் புதிய டெல்டாவில் மணல் கலந்த செம்மண் அதிகம். அங்கே காற்று புகும், கரிமம் சீக்கிரம் கரையும், உரம் வடியும். வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற கடலோரப் பகுதிகளில் உவர் ஒரு தனிப் பிரச்சினை. அங்கே உப்பைக் கழுவி வெளியேற்ற வடிகால் இல்லாமல் எந்த நுண்ணுயிர் உரத்தைப் போட்டும் பயனில்லை.

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது எளிது. உரமிடுவதற்கு முன், வரப்போரம், எருக்குழி, மரநிழல் தவிர்த்து, வயலில் 10, 15 இடங்களில் 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவி எடுத்துக் கலந்து, கால்பங்கீட்டு முறையில் (நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கி) அரை கிலோவாகக் குறைத்து நிழலில் உலர்த்திக் கொடுங்கள். முடிவாகத் தரும் மண்வள அட்டையில் முதலில் பார்க்க வேண்டியது கரிமச்சத்து: 0.5 விழுக்காட்டுக்குக் கீழே குறைவு, 0.75க்கு மேல் அதிகம். அடுத்து கார அமிலத் தன்மையும் உவர் அளவும். நுண்ணுயிர் எண்ணிக்கையை அட்டை சொல்லாது. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கில் இருப்பதை எண்ணித்தான் ஆவதென்ன?

அதற்கு பதிலாக ஒரு சோதனை. கோடை மழைக்குப் பின் மண் ஈரப்பதத்தில் இருக்கும்போது, வெளுத்த பழைய பருத்தி வேட்டியைச் சம அளவுத் துண்டுகளாகக் கிழித்து, வயலின் மூன்று நான்கு இடங்களில் ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். குச்சி நட்டு அடையாளம் வைக்க மறக்க வேண்டாம். செயற்கை நூல் கலப்பில்லாத பருத்தி ஏறத்தாழ முழுக்கச் செல்லுலோஸ் என்ற தாவர நார்ப்பொருள்; அதைத் தின்பவை மண்ணின் பூசணங்களும் பாக்டீரியாக்களும். ஒன்றரை, இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தால், உயிர்ப்புள்ள மண்ணில் கையில் நார்நாராகத்தான் வரும். துணி முழுதாக வந்தால் மண் பட்டினி கிடக்கிறது, அல்லது வறண்டு போயிருக்கிறது. ஒரே வயலில் மேட்டுப் பகுதிக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் தெரியும். அதுவே உங்களுக்கு வேண்டிய தகவல்.

கோடையை வீணாக்காதீர்கள்

"சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்ற பழமொழிக்கு நுண்ணுயிரியல் விளக்கம் உண்டு. கோடை உழவில் புரட்டிய மண் வெயிலில் காயும்போது நுண்ணுயிர்களில் ஒரு பகுதி மடிகிறது; மண்கட்டிக்குள் அடைபட்டிருந்த கரிமமும் வெளிப்படுகிறது. முதல் மழையோ முதல் தண்ணீரோ பட்டதும் பிழைத்திருந்தவை அதையெல்லாம் தின்று பெருகி, தழைச்சத்தைச் சட்டென்று விடுவிக்கின்றன. லாஸ் பானோஸ் வயலுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. ஜூன் 12 மேட்டூர் திறக்கும் வழக்கத்தை ஒட்டி வாழ்ந்த டெல்டாவுக்கு இந்தக் கோடை இடைவெளி தானாக அமைந்திருந்தது.

ஆனால் ஓர் எச்சரிக்கை: விடுபட்ட தழைச்சத்து நைட்ரேட் வடிவில் இருக்கும். அதை எடுத்துக்கொள்ளப் பயிர் எதுவும் இல்லாமல் வயலில் நீர் கட்டினால், காற்றில்லாத சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றிவிடும். ஆகவே கோடை மழை பெய்ததும் வயலில் ஒரு பசுந்தாள் பயிர் (மடக்கி உழுது உரமாக்கும் பயிர்) நிற்க வேண்டும்.

கோடையில் ஆட்டுக்கிடை கட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் மந்தையோடு வருவார்கள். பேசி முடிப்பதற்கு முன், உங்கள் நிலத்தில் எத்தனை ஆடுகள் எத்தனை இரவு அடையும் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கிடை எடுத்த மறுநாளே ஓர் உழவு ஓட்டிவிட வேண்டும். ஆட்டு மூத்திரத்திலுள்ள யூரியா நுண்ணுயிர்களால் அமோனியாவாக மாறி இரண்டு மூன்று நாளில் காற்றில் பறந்துவிடும். அந்தக் காரமான வாடை உங்கள் காசு போகும் வாடை.

தக்கைப்பூண்டு

இயற்கை முறையோ ரசாயன முறையோ, புதிதாக வருபவர் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் பயிரை விதைப்பதைச் சொல்வேன். ஏக்கருக்கு 20 கிலோ விதை. மூன்று மா ஓர் ஏக்கர் என்பதால், முதல் ஆண்டு ஒரு மாவில் மட்டும் முயல்வதென்றால் 7 கிலோ போதும். குறுவைக்கு (ஜூன் தண்ணீரில் தொடங்கும் குறுகிய காலப் போகம்) போடுபவர்கள் கோடை மழையை வைத்தும், சம்பா (மழைக்கால நீண்ட போகம்) மட்டும் செய்பவர்கள் ஆற்றில் வரும் முதல் தண்ணீரை வைத்தும் விதைக்கலாம். 40 முதல் 45 நாளில், பூ எடுக்கும் சமயம் மடக்கி உழ வேண்டும். தாமதித்தால் தண்டு நாராகி மட்க நாளாகும்.

நன்றாக வளர்ந்தால் ஏக்கருக்கு 8 முதல் 10 டன் பசுந்தழை கிடைக்கும். அதில் 25 முதல் 40 கிலோ தழைச்சத்து இருக்கும். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது ஏறத்தாழ 21 கிலோ என்பதை வைத்துப் பார்த்தால், இது ஒரு மூட்டைக்கு மேல், இரண்டு மூட்டைக்குச் சற்றுக் குறைவு. இதில் பெரும்பகுதி வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலிருந்து பிடித்துக் கொடுத்தது. மணிலா அகத்தி என்றால் தண்டிலும் முடிச்சு கட்டும். வயலில் நீர் நின்றாலும் அதன் வேலை தடைப்படாது. தாழ்வான வயல்களுக்கு அது ஏற்றது. விதை எளிதில் கிடைப்பதில்லை என்பது ஒன்றுதான் குறை.

மடக்கி உழுதபின் ஒரு வாரம் பொறுத்து நடவு செய்யுங்கள். பசுந்தாள் விரைவாக மட்கும். நெல் அறுத்த தாளையோ வைக்கோலையோ மடக்கினால் பொறுமை இன்னும் வேண்டும்: அதில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்களுக்குப் போதாத தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். நட்ட பயிர் மஞ்சளாகி நிற்கும். இரண்டு மூன்று வாரம் ஊறவிட்டு நடுவதே நல்லது. மட்காத குப்பையைத் தொழு உரம் என்று டிராக்டரில் ஏற்றி விற்பவர்களிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். நன்கு மட்கிய உரத்தில் சாண வாடை வராது, கையில் எடுத்தால் சூடு இருக்காது. பரிந்துரை ஏக்கருக்கு 5 டன், கிடைத்தவரை போடுங்கள்.

பாக்கெட்டுகள்

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, இரண்டும் கலந்த அசோபாஸ், சூடோமோனாஸ் என்று உயிர் உரப் பாக்கெட்டுகள் வேளாண்மை விரிவாக்க மையத்திலும் தனியார் கடைகளிலும் கிடைக்கும். முதலாவது காற்றுத் தழைச்சத்தை ஓரளவு பிடித்துத் தருவதோடு வேர் கிளைக்கத் தூண்டும். இரண்டாவது மண்ணில் இறுகிக் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைக்கும். சூடோமோனாஸ் நோய்க்கு எதிரான காவல்.

பாக்கெட்டில் இருப்பது உயிர் என்பதை மறந்து வாங்குபவர்கள்தான் அதிகம். காலாவதித் தேதியைப் பாருங்கள்; தூளாக வருவது பொதுவாக ஆறு மாதம் வரைதான் தாங்கும், திரவ வடிவம் ஓராண்டு வரை. கடையில் அது யூரியா மூட்டைகளின் மேலோ தகரக் கூரைக்கு அடியிலோ கிடந்தால் வாங்க வேண்டாம். வாங்கியதை வண்டியில் வெயில்படக் கட்டி வராமல் ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வாருங்கள்.

பயன்படுத்தும் வரிசை இப்படி. விதைக்கு: ஓர் ஏக்கருக்கான விதைக்கு அசோஸ்பைரில்லம் ஒரு பாக்கெட், பாஸ்போபாக்டீரியா ஒரு பாக்கெட், ஆறிய வடிகஞ்சியில் கலந்து விதையில் புரட்டி நிழலில் அரைமணி உலர்த்தி விதைக்க வேண்டும். சூடோமோனாஸ் என்றால் கிலோ விதைக்கு 10 கிராம். நடவன்று: ஒவ்வொன்றிலும் இரண்டு பாக்கெட்டை 40 லிட்டர் தண்ணீரில் கரைத்து நாற்றின் வேரை 15 முதல் 30 நிமிடம் நனைக்க வேண்டும். நாற்று பறித்து, முடி கட்டி, வேரைக் கழுவும் இடத்திலேயே ஒரு சிறு பாத்தி கட்டித் தார்ப்பாய் விரித்துச் செய்தால் ஆள் செலவு கூடாது. நடவு வயலுக்கு: ஒவ்வொன்றிலும் நான்கு பாக்கெட், 10 கிலோ மட்கிய தொழு உரம், 10 கிலோ மண் கலந்து மாலையில் தூவுங்கள். நட்ட 30ஆம் நாள் ஒரு கிலோ சூடோமோனாஸை 20 கிலோ தொழு உரத்தோடு தூவலாம். இத்தனையும் செய்யக் கைவராதவர்கள் வேர் நனைப்பை மட்டுமாவது விடாமல் செய்யுங்கள். வேருக்கு நேரே கொண்டுபோய்ச் சேர்ப்பது அது ஒன்றுதான்.

ரசாயனப் பூசணக்கொல்லியோடு உயிர் உரத்தைக் கலக்கக் கூடாது. நோய்க்கு எதிராகப் போடும் டிரைக்கோடெர்மா என்பதே ஒரு பூசணம். கார்பென்டசிம் என்ற பூசணக்கொல்லி போட்ட விதையில் அதைப் பூசினால் இரண்டுக்குமான காசு போனது. உயிர் உரம் போட்டால் யூரியாவைக் கால்பங்கு குறைக்கலாம் என்று பரிந்துரைகள் சொல்கின்றன. முதல் ஆண்டு ஒரு மாவில் மட்டும் குறைத்துப் பாருங்கள். கரிமம் குறைந்த வயலில், பாக்கெட்டில் வந்தவை உண்ண எதுவுமின்றி சில வாரங்களில் ஒடுங்கிவிடும். உள்ளூர் நுண்ணுயிர்களின் போட்டி வேறு. தக்கைப்பூண்டைப் பாக்கெட்டுக்கு முன்னால் வைத்தது அதனால்தான்.

அசோலா, நீலப்பச்சைப்பாசி

நெல் வயலின் வளத்தை நீலப்பச்சைப்பாசி காக்கிறது என்பதை 1939இலேயே பி.கே. டே என்ற இந்திய ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். நட்ட 10ஆம் நாள் ஏக்கருக்கு 4 கிலோ பாசி, அல்லது நட்ட மூன்று முதல் ஐந்து நாளில் 100 கிலோ அசோலா (அந்தப் பாசியைத் தன்னுள் வைத்திருக்கும் மிதக்கும் சிறு பெரணி). அசோலா பரவியதும் களையெடுக்கும்போது மிதித்துச் சேற்றில் அமுக்க வேண்டும். அப்போதுதான் மட்கி உரமாகும். டெல்டாவில் இதற்கு இரண்டு இடைஞ்சல்கள். கோடை வெயிலில் அசோலா கருகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரப்பு மீறி ஓடும் நீரோடு அடுத்தவர் வயலுக்குப் போய்விடும். வீட்டுக்குப் பின்னால் நிழலில் ஒரு தார்ப்பாய்த் தொட்டியில் விதைக்காகக் கொஞ்சம் காப்பாற்றி வைத்து, மழை ஓய்ந்ததும் தாளடி (குறுவைக்குப் பின் வரும் போகம்) வயலில் விடுவது தோது.

சேற்றுக்குள் நடப்பது

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். உரச் செலவில் மிச்சப்படுத்துவது இங்கேதான். நட்டு மூன்று வாரம் ஆனபின், நீர் நிற்கும் வயலில் ஒரு குத்தை மண்ணோடு கையால் பெயர்த்து எடுங்கள். மேலே சில மில்லிமீட்டர் மட்டும் பழுப்பாக இருக்கும். அதற்குக் கீழே சாம்பல் கலந்த நீலம். பழுப்பு அடுக்கில் காற்று இருக்கிறது. கீழே ஒன்றும் இல்லை. நீர் கட்டிய ஓரிரு நாளில் அங்கிருந்த காற்றை நுண்ணுயிர்கள் தீர்த்துவிட்டு, முதலில் நைட்ரேட், பிறகு மாங்கனீசு, இரும்பு, கந்தகம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து மூச்சு விடுகின்றன. கடைசியில் வருபவை மீத்தேன் உண்டாக்கும் உயிர்கள். வயலில் கால் வைத்ததும் குமிழ் குமிழாகக் கிளம்புகிறதே, அதில் பெரும்பங்கு அந்த மீத்தேன்தான். நண்பகலில் யாரும் மிதிக்காமலேயே நீர்ப்பரப்பில் எழும் சின்னக் குமிழ்கள் வேறு. அவை பாசி விடும் ஆக்சிஜன்.

இப்போது குத்தை வாய்க்கால் நீரில் அலசி வேரைப் பாருங்கள். நுனி வெள்ளையாகவும் மேற்பகுதி துருப்பிடித்த செம்பழுப்பாகவும் இருந்தால் நல்லது. நெல் தன் தண்டின் காற்றுக் குழாய் வழியாக வேருக்கு ஆக்சிஜன் அனுப்புகிறது. அது வேரைச் சுற்றியுள்ள இரும்பைத் துருவாக்கிப் படியவைத்திருக்கிறது. வேர் கறுத்து, முகர்ந்தால் அழுகிய முட்டை வாடை வந்தால், கந்தகத்தைப் பிடிக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கிவிட்டன என்று பொருள். அன்றே மடையைத் திறந்து நீரை வடித்து இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். மேலே பயிர் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து யூரியா வீசுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. வேர் மூச்சுத் திணறும்போது யூரியா போய்ச் சேராது.

இந்த இரட்டை அடுக்குதான் யூரியாவுக்கும் எமன். நீரில் வீசிய யூரியா அமோனியமாகி, மேலடுக்கில் நைட்ரேட்டாகி, கீழே இறங்கியதும் வாயுவாகிப் போய்விடுகிறது. போதாததற்கு, வீசிய உரத்தைத் தின்று பச்சைப்பாசி படர்ந்தால், நண்பகலில் நீரின் காரத்தன்மை ஏறி அமோனியா நேராக ஆவியாகும். ஆகவே நீரை வடித்துவிட்டு, சேறு ஈரமாக இருக்கும்போது யூரியா இட்டு, கோனோவீடர் (கையால் தள்ளும் களைக்கருவி) ஓட்டி உள்ளே தள்ளி, ஒரு நாள் கழித்து நீர் கட்டுங்கள். பரிந்துரைத்த அளவை ஒரே முறையில் கொட்டாமல் அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று நான்காகப் பிரியுங்கள். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை கையில் இருந்தால் பயிர் கேட்கிறதா என்று பார்த்தே போடலாம். இப்போது விற்கும் யூரியா பெரும்பாலும் வேம்பு பூசியது. நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களை வேம்பு சற்றே தாமதப்படுத்துகிறது. மறுபடி வேப்பம் புண்ணாக்கு வாங்கிக் கலப்பது அவசியமில்லை. பாசி அதிகம் என்று மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) துணியில் கட்டி மடைவாயில் போடுபவர்கள், நீலப்பச்சைப்பாசியும் சேர்ந்து மடியும் என்பதைத் தெரிந்து செய்யட்டும்.

வயலைக் காயவிட்டு மறுபடி நீர் கட்டும் காய்ச்சலும் பாய்ச்சலும் குறுவையில் சாத்தியம். நட்டு இரண்டு வாரம் கழித்து, சுற்றிலும் துளையிட்ட 30 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் குழாயைப் பாதி புதைத்து வையுங்கள். குழாய்க்குள் நீர் மண்மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே போனதும் 5 சென்டிமீட்டர் நீர் கட்டினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. சம்பாவில் வடகிழக்குப் பருவமழை நடக்கும்போது இதைப் பேசுவதே வீண். அப்போது கவலையெல்லாம் வடிகால். கடைமடைப் பகுதியில் வயல் வாங்குபவரோ குத்தகைக்கு எடுப்பவரோ, பாசன வாய்க்காலைப் பார்ப்பதற்கு முன் வடிகால் வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பஞ்சகவ்யம் பற்றி

பஞ்சகவ்யம், அமிர்தக் கரைசல், மீன் அமிலம் போன்ற, வீட்டிலேயே நொதிக்கவைக்கும் கரைசல்களால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: நொதித்த கரைசலில் நுண்ணுயிர்களும் வளர்ச்சி ஊக்கிகளும் இருக்கின்றன, தெளித்த பயிர் பசுமை காட்டுவதைப் பலரும் பார்க்கிறார்கள். ஆனால் ஏக்கருக்குச் சில லிட்டர் தெளிப்பதில் வரும் சத்து, 60 கிலோ தழைச்சத்து பரிந்துரைக்கப்படும் நெல்லுக்கு எந்த மூலைக்கும் காணாது. அது உணவாகாது. தழையும் எருவும் போடாமல் கரைசல்களை மட்டும் நம்பி இயற்கை விவசாயம் தொடங்கி, இரண்டாம் ஆண்டே கைவிட்டவர்கள் டெல்டாவில் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள்.

இயற்கை முறைக்கு மாறுவதானால்

முழு நிலத்தையும் ஒரே போகத்தில் மாற்றாதீர்கள். வாய்க்காலின் தலைப்பில், மற்றவர் வயலைத் தாண்டி நீர் வராத ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். கீழ்வயலில் இருந்தால் மேல்வயல்காரர் போடும் களைக்கொல்லியும் உரமும் உங்கள் மடைக்கு வரும். முதல் போகத்துக்கு அதிகச் சத்து கேட்கும் குட்டை ரகங்களைவிட மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி போன்ற பாரம்பரிய ரகங்கள் தோது. கரிமம் மெதுவாக விடும் சத்துக்கு ஏற்ற நீண்ட வயது அவற்றுக்கு இருக்கிறது. சாய்ந்துவிடும் குணமும் உண்டு. அளவுக்கு மீறி எரு போட்டால் இயற்கை வயலிலும் பயிர் சாயும். சான்றிதழ் வேண்டுமென்றால் ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டு மாறுகாலம். மாநில அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறை கோயம்புத்தூரில் இருக்கிறது. ஐந்து விவசாயிகளாவது சேர்ந்து குழுவாகப் பதிவு செய்யும் பங்கேற்பு முறையில் செலவு குறைவு.

மாறாமல் ரசாயன முறையிலேயே தொடர்பவர்கள் குற்றவுணர்வு கொள்ள ஒன்றும் இல்லை. பசுந்தாளும் மட்கிய எருவும் போட்டு, யூரியாவைச் சேற்றுக்குள் பிரித்து இட்டு, தேவையின்றிப் பூச்சிமருந்து அடிக்காதவரின் மண், பெயருக்கு இயற்கை என்று சொல்லிக்கொண்டு ஒன்றும் போடாதவரின் மண்ணைவிட உயிர்ப்போடுதான் இருக்கும்.

அறுவடையும் உளுந்தும்

அறுவடை இயந்திரம் விட்டுப்போகும் தாளைக் கொளுத்த வேண்டாம். எரித்தால் கரிமமும் தழைச்சத்தும் கந்தகமும் புகையாகிப் போகும். நெல் எடுக்கும் சாம்பல்சத்தில் (பொட்டாசியம்) பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. கட்டுக் கட்டி விற்பவர்கள் அதையும் சேர்த்தே விற்கிறார்கள். பாதியையாவது வயலில் விட்டு, கோடை உழவில் ஈரம் இருக்கும்போதே மண்ணில் சேருங்கள். அதற்கு நாள் நிறைய இருக்கிறது.

சம்பா, தாளடி அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில் நெற்பயிருக்குள்ளேயே உளுந்தோ பாசிப்பயறோ தெளிக்கும் டெல்டா வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். தை, மாசி மாதப் பனியிலும் மண்ணின் எஞ்சிய ஈரத்திலும் விளையும் இந்தப் பயிர், ஆறு மாதம் காற்றின்றிக் கிடந்த மண்ணைத் திறந்துவிடுகிறது. நெடுநாள் நீர் நின்ற வயலில் பயறு ரைசோபியம் குறைந்திருக்கும்; ஆகவே ஓர் ஏக்கர் விதைக்கு ஒரு பாக்கெட் ரைசோபியத்தை வடிகஞ்சியில் கலந்து பூசித் தெளியுங்கள். விதைத்த 30 முதல் 35 நாளில் செடியைப் பிடுங்காமல் மண்வெட்டியால் தோண்டி எடுத்து, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து பிடிக்கும் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், அல்லது முடிச்சே இல்லாவிட்டால், பாக்கெட் செத்ததாக இருந்திருக்கும் அல்லது மண்ணில் ஈரமோ மணிச்சத்தோ போதவில்லை. அடுத்த முறை வேறு இடத்தில் பாக்கெட் வாங்குங்கள். பூக்கும் தருணத்திலும் 15 நாள் கழித்தும் 2 விழுக்காடு டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட் என்ற ரசாயன உரம்) கரைசல் தெளியுங்கள். இயற்கை முறை வயலில் டி.ஏ.பி. கூடாது, அங்கே நெல்லுக்கு இடும் தொழு உரத்தோடு பாஸ்போபாக்டீரியாவைச் சேர்த்து ஊட்டமேற்றி, உளுந்துக்கும் அந்த மிச்சம் கிடைக்கும்படி முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும்.